எண்ணூறு மில்லி

லிஃப்ட் பத்தாம் மாடியோடு சரி.
மீதி இருபத்திரண்டு படியும்
மண் மூட்டையும் நானும்தான்.

பொறியாளர் ஒருவர் வந்து
கூரையைக் குதிகாலால் தட்டிப் பார்த்து
சதுர மீட்டருக்கு நூற்றைம்பது கிலோ என்று
எழுதிக் கொடுத்தார்.
அதற்கு மேல் ஒரு பூசணி பெருத்தாலும்
நேரே பிரசவ வார்டுதான் என்று சிரித்தார்.
அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.
நான் ஒவ்வொரு மழைக்குப் பிறகும்
ஈர மண்ணின் எடையை
மனசுக்குள் கூட்டிக்கொண்டு நிற்கிறேன்.

இங்கிருந்து பார்த்தால்
பெலோ ஒரிசோஞ்சேயின் மலைகள் தெரியும்,
ஒரு பக்கம் மட்டும் சீவியெடுத்த மலைகள்.
இரும்புத் தூசி காற்றில் வந்து
கோவிக் கீரையின் அகன்ற இலையில் படியும்.
துடைத்த துணியைப் பிழிந்தால்
செங்கல் நிறத்தில் தண்ணீர்.

ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் மட்டும்
போட்டது போட்டபடி ஓடுவோம்.
பக்கத்துக் கூரையில் அது இறங்கும் நாற்பது நொடி
நானும் எடிமில்சனும்
வலைமேல் குப்புறக் கிடப்போம், வாயெல்லாம் மண்.
வந்தது யார், பிழைத்தாரா,
எங்களிடம் யாரும் சொல்வதில்லை.
எத்தனை தக்காளிச் செடி முறிந்தது என்று
நாங்களும் சொல்வதில்லை.

காலை ஆறு மணிக்குக் கூடைகள் சமையலறைக்கு இறங்கும்.
வாசலிலேயே இவோனி, கையில் பட்டியல்.
ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கீரை அளவோடு.
ஏழாம் மாடிக்குத் தக்காளி கிடையாது.
குடலில் தையல் போட்டவருக்கு
விதையுள்ள எதுவும் ஆகாது.
விளைவிப்பது பாதி வேலைதான்.
யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பது மீதி.

அந்த ஏழாம் மாடியிலிருந்துதான் வால்டெனிர் வந்தார்.
லாரி ஓட்டியவர். சிறுநீரகம் கைவிட்டு ஆறு வருடம்.
செவ்வாய், வியாழன், சனி
மெஷின் தயாராகும்வரை மேலே வந்து நிற்பார்.
ஒரு நாளைக்கு அவருக்குத் தண்ணீர் எண்ணூறு மில்லி.
காப்பி, சூப், மாத்திரைக்கு ஒரு மடக்கு
எல்லாம் அதில் அடக்கம்.
சட்டைப்பையில் ஒரு சின்ன புட்டி,
அதன்மேல் பேனாவால் போட்ட கோடுகள்.

ஹோஸைக் கொடு என்றார்.
கொடுத்தேன்.

வெண்டைக்கு ஊற்றினார். கத்தரிக்கு ஊற்றினார்.
பாத்தி நிரம்பி
செருப்புக்குள் வழிந்தது, விட்டார்.
குடி, கழுதை, குடி என்று
திட்டித் திட்டி ஊற்றினார்.
வேர் அழுகிவிடும் என்று சொல்ல வாயெடுத்தேன்,
சொல்லவில்லை.
அந்த மாதம் இரண்டு பாத்தி வெண்டை போயிற்று.
நோட்டில் 'பூஞ்சை' என்று எழுதினேன்.

ஆகஸ்ட் வறட்சியில் ஒருநாள்
மூலையிலிருந்த நீல டிரம்மில்
நான் வைக்காத ஒட்டுக்கன்று ஒன்று,
கட்டிய துணிகூட அவிழ்க்காமல்.
ஊதா நிறத்தில் பொடிப்பொடியாய்ப் பூ.
இவோனி மூச்சிரைக்கப் படியேறி வந்து பார்த்து
தலையில் கைவைத்தாள்.

கரம்போலா.
குறுக்கே வெட்டினால் நட்சத்திரம்.
ஏழாம் மாடிக் கதவில்
படம் ஒட்டிச் சிவப்புக் கோடு அடித்திருக்கும் பழம்.
சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு
ஒன்றே போதும்: முதலில் விக்கல், அப்புறம் வலிப்பு.

கேட்டேன். அவர் மறுக்கவில்லை.
தின்னக் கூடாது, சரி.
பார்க்கக் கூடாது என்று
பட்டியலில் எங்கே இருக்கிறது, காட்டு.

இவோனி பட்டியலை உண்மையிலேயே
ஒருமுறை புரட்டிப் பார்த்தாள்.

விதி விதிதான். பிடுங்கப் போனேன்.
இரு, முதலில் தண்ணீர் விடு,
வேர் அறாமல் வரும் என்று
அவரே ஹோஸை எடுத்தார்.
அன்று மட்டும் அளவாக.

இறங்கும்போது லிஃப்டில்
வெள்ளைத் துணி மூடிய தள்ளுவண்டி ஒன்றும் கூட வந்தது.
இலைகள் துணியில் உரசாமல்
வண்டிக்காரப் பையன் கிளையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டான்.
தரைத்தளத்தில் அவன் இடது பக்கம் போனான்,
நாங்கள் வலது பக்கம்.
டயாலிசிஸ் வேன்கள் திரும்பும் வளைவில்,
கம்பி வேலிக்கு வெளியே,
எடிமில்சன் குழி தோண்டினான்.
ஆஸ்பத்திரி நிலமில்லை அது.
யாருடையது என்று நாங்கள் விசாரிக்கவும் இல்லை.

நேற்று அவர் மேலே வரவில்லை.
ஹோஸைக் கையில் பிடித்தபடி
படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஏழு மணிவரை.
பாத்தி நிரம்பி
என் செருப்புக்குள் வந்தது.

பிறகுதான் உறைத்தது,
நேற்று புதன்கிழமை.